பெண்களின் பங்கு 12-லிருந்து 17 சதவீதம்: "காலம் மாறிப்போச்சு" என்று எழுதிவிடலாமா?

கேள்வி: எண்ணும்எழுத்தும்

குற்றவியல் பாடத்துக்கான பயிற்சி அட்டவணை இது. எந்த நாட்டுடையதும் இல்லை, எண்கள் கற்பனை. பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு ஆண்டுகளின் கைது எண்ணிக்கை.

ஆண்கள் மொத்தம்: 88,000 → 62,000
பெண்கள் மொத்தம்: 12,000 → 12,700

பெண்கள் மட்டும், வகைப்படி:
திருட்டு (பெரும்பாலும் கடைத்திருட்டு): 6,000 → 5,600
மோசடி, கையாடல்: 1,800 → 2,500
போதைப்பொருள்: 1,200 → 1,500
சிறுகாய அடிதடி: 1,000 → 1,900 (ஆண்கள் 9,000 → 8,100)
கொலை: 20 → 29
மற்றவை: 1,980 → 1,171

15 வயதுக்கு மேற்பட்ட மக்கள்தொகை: பெண்கள் 50 லட்சம் → 57 லட்சம், ஆண்கள் 50 லட்சம் → 56 லட்சம்.

கேள்வி: "பாலினப் பாத்திரங்கள் மாறியதால் பெண்களின் குற்றப் போக்கு மாறியுள்ளதா?" கை தானாக எழுதுவது இதுதான்: பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், வெளியே புழங்குகிறார்கள், அதனால் ஆண்களைப் போலவே குற்றமும் செய்கிறார்கள். பங்கு 17 சதவீதம் ஆகிவிட்டது, அடிதடி 90, கொலை 45 சதவீதம் ஏறியிருக்கிறது. இந்தப் பதில் எங்கே இடறும்? எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: தராசுமுள்

முதல் வரியிலேயே இடறும். பங்கு என்பது இரண்டு தட்டு. ஒரு தட்டிலிருந்து எடுத்தால் மறு தட்டு தானாகக் கீழே இறங்கும், அதில் புதிதாக எதையும் போட்டிருக்க வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.

பெண்கள்: 12,000-ஐ 50-ஆல் வகுத்தால் லட்சம் பேருக்கு 240 கைது. 12,700-ஐ 57-ஆல் வகுத்தால் 222.8. அதாவது 7 சதவீதம் குறைவு. கூடவே இல்லை.
ஆண்கள்: 1,760-லிருந்து 1,107. சரிவு 37 சதவீதம்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். ஆண்களின் விகிதம் 1,760-லேயே நின்றிருந்தால் பத்தாம் ஆண்டில் பெண்களின் பங்கு என்ன? 56 லட்சம் ஆண்களுக்கு 98,560 கைது வரும்; 12,700 ÷ (12,700 + 98,560) = 11.4 சதவீதம். பழைய 12-க்கும் கீழே. ஆக, அந்த 17-ஐ உண்டாக்கியது முழுக்க ஆண்கள் தரப்பு. "ஆண்கள் இவ்வளவு குறைந்தபோது பெண்கள் ஏன் அதே அளவு குறையவில்லை" என்பதுதான் இந்த அட்டவணை உண்மையில் கேட்கும் கேள்வி. அதை யாரும் தலைப்பாகப் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

நிஜத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1973 முதல் 2005 வரையிலான குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பை (காவல்துறை வழியாக இல்லாமல் மக்களிடமே நேரடியாகக் கேட்பது) லாரிட்சன், ஹைமர், லிஞ்ச் மூவரும் அலசி 2009-ல் வெளியிட்டார்கள். வன்முறையில் ஆண்-பெண் இடைவெளி குறுகியிருந்தது. ஆனால் குறுகியதற்கு முக்கியக் காரணம் ஆண்களின் விகிதம் இறங்கியது.

அடுத்தது கொலை. 20 → 29 என்பதை "45 சதவீதம்" என்று எழுதாதீர்கள். சின்ன எண்ணில் சதவீதம் பூதக்கண்ணாடி மாதிரி. வித்தியாசம் 9. இப்படி அரிதாக நடக்கும் நிகழ்வுகளில் வித்தியாசத்தின் திட்டப்பிழை (தற்செயலாகவே வரக்கூடிய தடுமாற்றத்தின் அளவு) தோராயமாக √(20+29), அதாவது 7. அதன் இரண்டு மடங்கையாவது, 14-ஐ, தாண்டினால்தான் பேசலாம். 9 என்பது ஆண்டுக்கு ஆண்டு வரும் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒற்றை ஆண்டை விட்டுவிட்டு முதல் மூன்று ஆண்டுகளையும் கடைசி மூன்று ஆண்டுகளையும் கூட்டிப் போட்டால் ஓரளவு நிலைக்கும்.

வயதையும் கேளுங்கள். கைது விகிதம் இளவயதில் உச்சம், பிறகு இறங்கும். 15-க்கு மேல் எல்லாரையும் ஒரே வகுஎண்ணில் அள்ளிப் போட்டால், மக்கள்தொகைக்கு வயதாவதே "குற்றம் குறைந்தது" போலத் தெரியும். 15–24, 25–39, 40-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தாலே போதும்.

பதில்: பழையகோப்பு

எல்லாரும் தாண்டிப்போகிற வரி ஒன்று இருக்கு: "மற்றவை". அதில் 809 குறைஞ்சிருக்கு. சிறுகாய அடிதடியில் 900 கூடியிருக்கு. இரண்டு எண்ணும் இவ்வளவு பக்கத்தில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெண்களை இல்லை, பதிவேட்டை.

எப்படி நடக்குதுன்னு பாருங்க. தாய்க்கும் பதினாறு வயசு மகளுக்கும் வீட்டில் சண்டை. மகள் தாயின் கையைத் தட்டிவிடுகிறாள், மணிக்கட்டில் கீறல், கைபேசி விழுந்து உடையுது. பழைய வழக்கப்படி வந்த காவலர் பேசி அமர்த்திட்டுப் போவார், இல்லாட்டி "அடங்காத பிள்ளை" மாதிரி ஏதோ ஒரு தலைப்பில் எழுதுவார். அது "மற்றவை"யில் விழும். வீட்டு வன்முறைக்குக் கட்டாயக் கைது என்று விதி வந்தபிறகு அதே கீறல் சிறுகாய வழக்கு. மகளின் கை மாறலை, காவலரின் பேனா மாறியிருக்கு.

இந்த விதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 314 வீட்டு வன்முறை வழக்குகளை வைத்து ஷெர்மனும் பெர்க்கும் நடத்திய சோதனை 1984-ல் வெளிவந்தது. அடித்தவரைக் கைது செய்தால் மறுபடி அடிப்பது குறைகிறது என்றது. பல மாநிலங்கள் கைதைக் கட்டாயமாகவோ முதல் தெரிவாகவோ ஆக்கின. மற்ற ஊர்களில் திரும்பச் செய்தபோது முடிவு அங்கங்கே வேறுபட்டது, ஆனால் விதி நின்றுவிட்டது. யாரும் எதிர்பார்க்காத பக்கவிளைவு இரட்டைக் கைது: தற்காப்புக்குத் திருப்பி அடித்த மனைவியும் சேர்ந்தே வண்டியில் ஏறினாள். அப்புறம்தான் "முதன்மையாகத் தாக்கியவர் யார் என்று பார்" என்ற திருத்தம் பல இடங்களில் வந்தது. பெண்களைக் காக்க வந்த விதி பெண்களின் கைது எண்ணிக்கையை ஏற்றியது.

சோதிக்க என்ன செய்யணும்? முதலில், கொடுங்காய வரியைக் கேட்டு வாங்குங்க, உங்க அட்டவணையில் அது இல்லை. பெண்கள் உண்மையிலேயே மூர்க்கமாகியிருந்தால் சிறுகாயமும் கொடுங்காயமும் சேர்ந்து ஏறணும். லேசான வகை மட்டும் ஏறினால் வலையின் கண் சிறுத்திருக்குன்னு அர்த்தம். அடுத்து, பாதிக்கப்பட்டவர் யார், சம்பவம் வீட்டிலா தெருவிலா, ஒரே எப்.ஐ.ஆரில் இரு தரப்பும் கைதா என்ற மூன்று விவரம். அதோடு எச்சரித்து விட்டவர்களின் எண்ணிக்கை: கைது 900 ஏறி எச்சரிக்கை 900 இறங்கியிருந்தால் கதை அங்கேயே முடிஞ்சது. கடைசியா, காவல்துறை தொடாத ஒரு மூலம். பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பு, சுயஅறிக்கை ஆய்வு (செய்ததைச் செய்தவரே சொல்வது), மருத்துவமனை அவசரப் பிரிவுப் பதிவு, எது கிடைத்தாலும் சரி. ஸ்டெஃபன்ஸ்மையர் குழு 2005-ல் சிறுமிகளின் வன்முறையை இப்படித்தான் நாலு மூலங்களில் வைத்துப் பார்த்தது. கைதுப் பதிவில் ஏறுமுகம். பாதிக்கப்பட்டவர்கள் சொன்னதிலும் சிறுமிகளே சொன்னதிலும் அப்படி ஏற்றம் இல்லை.

எண்ணும் விதியையும் பார்த்துக்கணும். அமெரிக்காவின் பழைய சுருக்கக் கணக்கில் ஒரு சம்பவத்தில் எத்தனை குற்றம் இருந்தாலும் மிகக் கடுமையானது மட்டும்தான் எண்ணப்படும். 2021 தொடக்கத்திலிருந்து சம்பவவாரிக் கணக்குக்கு மாறினார்கள், அதில் ஒரு சம்பவத்தில் பத்துக் குற்றம் வரை எண்ணப்படும். இந்த மாதிரி ஒரு மாற்றம் உங்க பத்து ஆண்டுக்கு நடுவில் விழுந்தால், இதுவரை அடியில் ஒளிந்திருந்த சின்னக் குற்றங்களெல்லாம் ஒரே ஆண்டில் குதிச்சு வெளியே வரும். குற்றம் ஒன்றுகூடக் கூடியிருக்காது. சட்டமே ஆளை மாற்றும் இடமும் உண்டு: ஸ்வீடன் 1999-ல் பாலியல் சேவையை விலைக்கு வாங்குவதைக் குற்றமாக்கியது, விற்பதை ஆக்கவில்லை. அந்த வரியில் சந்தேக நபர் என்றால் இப்போது அநேகமாக ஆண்தான்.

பதில்: கல்லாப்பெட்டி

மேலே இருவரும் அட்டவணையைச் சுத்தம் செய்துவிட்டார்கள். கேள்வி பாலினப் பாத்திரத்தைப் பற்றியது, அதற்கு வருகிறேன்.

"பெண் விடுதலை வந்தால் குற்றமும் வரும்" என்ற வாதம் 1975-ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. பலர் இருவரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். ஃபிரெடா ஆட்லர் சொன்னது: பெண்கள் துணிவிலும் போட்டியிலும் ஆண்களை நெருங்க நெருங்க வன்முறை உட்பட எல்லா வகையிலும் நெருங்குவார்கள். ரீட்டா சைமன் சொன்னது வேறு: வேலைக்குப் போனால் பணம் கையாளும் வாய்ப்பு கூடும், அதனால் சொத்துக் குற்றமும் கையாடலும் கூடும், ஆனால் அடைபட்ட வாழ்வின் ஆத்திரம் தணிவதால் வன்முறை குறையும். வன்முறை வரியில் இருவரும் எதிரெதிர். விடையில் இதைத் தொட்டாலே பாதி மதிப்பெண்.

இனி மோசடி வரி, 1,800 → 2,500. இதற்கு மக்கள்தொகை சரியான வகுஎண் அல்ல. கல்லாவைத் தொடாதவர் கையாட முடியாது. பணத்தையோ கணக்கையோ கையாளும் வேலையில் உள்ள பெண்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அந்த வேலைகளில் பெண்கள் இரண்டு மடங்காகி, வழக்கு 1.4 மடங்குதான் ஆகியிருந்தால், ஒரு காசாளருக்கு இத்தனை வழக்கு என்ற கணக்கில் 30 சதவீதம் இறங்கியிருக்கிறது. வாய்ப்பு கூடியது, நாட்டம் கூடவில்லை.

பிறகு அந்த 2,500-ஐ உடையுங்கள். உதவித்தொகை பெறப் பொய்த்தகவல் தந்தது, அட்டை அல்லது காசோலை மோசடி, வேலையிடக் கையாடல், நிறுவன அளவிலான மோசடி. இந்த நான்கும் நான்கு உலகம். ஒவ்வொன்றிலும் தொகையின் இடைநிலை மதிப்பை எடுங்கள் (சராசரி வேண்டாம், ஒரு பெரிய வழக்கு எல்லாவற்றையும் தூக்கிவிடும்), பதவியையும் உடன் குற்றவாளிகள் எத்தனை பேர் என்பதையும் சேருங்கள். காத்லீன் டேலி 1989-ல் அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றத் தண்டனைகளை இப்படிப் பிரித்தபோது, வங்கிக் கையாடலில் பெண்கள் கிட்டத்தட்டப் பாதி. நிமிர்ந்து உட்கார வேண்டாம்: அவர்களில் பெரும்பாலோர் கவுன்ட்டரில் இருந்த டெல்லர்கள். அதே குற்றத்தில் சிக்கிய ஆண்களில் மேலாளர், அதிகாரி வகையினர் அதிகம். 2013-ல் ஸ்டெஃபன்ஸ்மையர், ஷ்வார்ட்ஸ், ரோச் 83 நிறுவன மோசடிகளில் 436 குற்றஞ்சாட்டப்பட்டவர்களைப் பார்த்தார்கள். பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தவர்களும் பெரும்பாலும் ஓரத்தில், ஆதாயமும் குறைவு. திட்டம் தீட்டும் அறைக்குள் அழைக்கப்படாதவர்கள் சதியிலும் அழைக்கப்படுவதில்லை.

வறுமைப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் தரவை வைத்து பாக்ஸும் ஹேலும் 1980-களின் தொடக்கத்தில் காட்டியது இதுதான்: பெண்களின் வேலையின்மையையும் அதிகாரிகளின் போக்கு மாறியதையும் கணக்கில் எடுத்ததும், விடுதலைக் குறியீடுகளுக்குச் சொத்துக் குற்றத்தோடு இருந்த தொடர்பு மங்கிவிடுகிறது. தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் கூடினால், கடைத்திருட்டும் உதவித்தொகைப் பொய்யும் கூடுவதற்கு விடுதலை தேவையே இல்லை.

பாத்திரம் மாறாததாலும் எண் ஏறும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் (தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் கட்ட வேண்டியது). 2017-ல் அதைக் கட்டாததற்காக வழக்குத் தொடரப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். பெண்கள் மீதான மொத்த வழக்குகளிலேயே பத்தில் மூன்று அதுதான். ஆய்வாளர் கதவைத் தட்டுகிறார், வீட்டில் இருப்பவர் திறக்கிறார், திறந்தவர் பெயர் படிவத்தில் ஏறுகிறது. ஒற்றைப் பெரியவர் உள்ள வீடுகளில் பெண்கள் அதிகம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் இருந்ததுதான் "குற்றப் போக்கு".

நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் நேர்கோடே கிடையாது. லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் 1687–1912 பதிவுகளை ஃபீலியும் லிட்டிலும் 1991-ல் அலசினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கடைசியில் அதில் பாதிகூட இல்லை. விடுதலைதான் குற்றத்தைக் கூட்டும் என்றால் அந்த லண்டன் பெண்கள் யாரிடம் விடுதலை வாங்கினார்கள்? இதிலும் பதிவுப் பிரச்சினை உண்டு, பழையகோப்பு சந்தோஷப்படுவார்: 1855 சட்டத்துக்குப் பிறகு சின்னத் திருட்டுகள் கீழ் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன; போர்க்காலங்களில் இளைஞர்கள் படைக்குப் போனதும் பெண்களின் பங்கு ஏறும்.

பதில்: மறுதட்டு

எல்லாவற்றையும் பதிவுக் கோளாறு என்று தள்ளிவிடுவதும் ஒரு சோம்பல்தான். தராசுமுள் சொன்ன 2009 ஆய்வில் இடைவெளி குறுகியது காவல்துறை தொடாத தரவிலேயே தெரிந்தது. பழையகோப்பு சொன்ன 2005 ஆய்வுக்கு அது நேர் சவால், அந்தச் சண்டை 2009-லேயே, அந்த ஆய்வு வந்த அதே இதழில் தொடர்ந்தது. பிரச்சினையின் முடிச்சு 1992: அந்த ஆண்டு கணக்கெடுப்பின் கேள்விகளையே மாற்றினார்கள், அதன்பின் லேசான தாக்குதல்கள் அதிகம் வெளிவந்தன. முன்-பின் ஆண்டுகளை எப்படி இணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு சாய்கிறது. இரு பக்கமும் ஒத்துக்கொள்வதை மட்டும் எழுதினால் பாதுகாப்பு: பெண்களின் வன்முறை பெரிதாகப் பெருகியதற்குச் சான்று இல்லை.

வளர்ப்பு முறை பற்றி எழுதுவதானால் ஜான் ஹேகனின் அதிகாரக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டைத் தொடலாம். அப்பாவும் அம்மாவும் ஒரே நிலை வேலையில் இருக்கும் வீட்டில் மகளையும் மகனையும் ஒரே அளவு கட்டுப்படுத்துகிறார்கள், அதனால் சின்ன மீறல்களில் இடைவெளி குறுகும் என்பது அவர் வாதம். அது விடலைகளின் லேசான தவறுகளுக்குச் சொன்னது. கொலை வரிக்கு அதை இழுக்காதீர்கள்.

எண்ணும்எழுத்தும்

அனைவருக்கும் நன்றி. விகிதங்களைப் போட்டுவிட்டேன், பங்கை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: கைது விகிதம் இறங்கினாலும் உலகம் முழுக்கச் சிறையில் பெண்கள் கூடுகிறார்களே, அது முரண் இல்லையா?

பதில்: பிணைத்தாள்

முரண் இல்லை. கைது என்பது குழாயில் வரும் தண்ணீர், சிறை எண்ணிக்கை தொட்டியில் நிற்கும் தண்ணீர். தொட்டி = ஆண்டுக்கு உள்ளே வருவோர் × சராசரியாகத் தங்கும் காலம். ஆண்டுக்கு 1,000 பெண்கள் வந்து அரை ஆண்டு தங்கினால் எந்த நாளிலும் 500 பேர். அதே 1,000 பேர் 0.8 ஆண்டு தங்கினால் 800. ஒரு குற்றம்கூடக் கூடாமல் 60 சதவீத ஏற்றம்.

உலகப் பெண் சிறையாளர் பட்டியலின் 2022 பதிப்புப்படி 7,40,000-க்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் சிறையில். மொத்தச் சிறைவாசிகளில் 6.9 சதவீதம். 2000-ஐ ஒட்டிய நிலையிலிருந்து பெண்கள் சுமார் 60 சதவீதம் கூடினார்கள், ஆண்கள் சுமார் 22. தங்கும் காலத்தை நீட்டுவதில் போதைப்பொருள் சட்டத்துக்குப் பெரிய கை உண்டு. பல நாடுகளில் தண்டனையை நிர்ணயிப்பது பிடிபட்ட எடை. செய்த வேலை அல்ல. பையைச் சுமந்து வந்தவரிடம்தான் எடை இருக்கும். அனுப்பியவர் பெயரோ வாங்குபவர் முகவரியோ அவருக்குத் தெரியாது, ஆகவே தண்டனைக் குறைப்புக்குப் பேரம் பேச அவரிடம் தகவலும் இல்லை. மேலே இருப்பவருக்கு எடை இல்லை, தகவல் உண்டு. இந்தக் கடத்தல் வலையில் சுமக்கும் வேலைதான் பெண்களுக்கு அடிக்கடி கிடைப்பது. உங்கள் போதைப்பொருள் வரியில் 1,500 பேரையும் வைத்திருந்தவர், சுமந்தவர், விற்றவர் என்று பிரித்துக் கேளுங்கள்.

விசாரணைக் கைதிகளைத் தனியாக எண்ணுங்கள். சொந்தப் பெயரில் வீடோ நிலையான வருமானமோ இல்லாதவருக்கு ஜாமீன் கிடைத்தும் பிணை கட்ட ஆள் கிடைக்காது. இது குற்றப் போக்கு அல்ல, சொத்து யார் பெயரில் இருக்கிறது என்ற கணக்கு. 2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகள் (மொத்தம் 70) பெண்களுக்கு, குறிப்பாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு, சிறைக்கு மாற்று வழிகளைப் பார்க்கச் சொல்கின்றன. உங்கள் பத்து ஆண்டுக்குள் ஏதாவது நாடு அதைச் சட்டமாக்கியிருந்தால் சிறைக்கோடு மடங்கும், கைதுக்கோடு மடங்காது.

பதில்: தராசுமுள்

விடை எழுதும்முன் அட்டவணைத் தலைப்பை இன்னொரு முறை படியுங்கள். "கைது எண்ணிக்கை" என்று இருக்கிறது, "கைதானவர்கள்" என்று இல்லை. கடைத்திருட்டில் ஒரே ஆள் ஆண்டுக்கு நான்கைந்து முறை பிடிபடுவது சாதாரணம். 5,600 கைது என்பது 5,600 பெண்களாக இருக்கலாம், 2,000 பெண்களாகவும் இருக்கலாம். உங்கள் நகலில் இரண்டாவது பத்தியில் "12,700 பெண்கள் குற்றம் புரிந்தனர்" என்று எழுதியிருந்தால் அதை "12,700 கைதுகள்" என்று மாற்றிவிடுங்கள்.